முதல் பேருந்தைப் பிடிப்போருக்குச் சிறுதானியக் காலை உணவு

சிற்றூர்களில் பொழுது புலரும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புவோர் பெருகிவிட்டனர். உழவர் சந்தைக்குக் காய்கறி மூட்டையுடன் செல்லும் தந்தை, நூற்பாலையில் காலை முறை வேலைக்குப் போகும் மகள், இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குச் செல்லும் மகன் என உழவர் குடும்பங்கள் பலவற்றிலும் ஒருவராவது முதல் பேருந்தை எதிர்பார்த்து நிற்கிறார். இவர்களில் பலர் வீட்டில் ஒரு டம்ளர் டீயை மட்டும் குடித்துவிட்டுப் புறப்படுகின்றனர். வழியில் ஒரு வடையோ பன்னோ கிடைத்தால் உண்டு. இல்லையேல் நண்பகல் வரை வெறும் வயிறுதான்.

இதே வீட்டின் மூலையில் கம்பும் கேழ்வரகும் மூட்டையில் இருக்கின்றன, அல்லது அறுவடையான வாரமே களத்து மேட்டில் விற்கப்பட்டு வியாபாரியின் வண்டியில் ஏறியிருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கடைப்பிடித்தது. அதையொட்டி நகரத்துக் கடைகளில் சிறுதானியப் பொட்டலங்கள் பெருகின. நாம் விற்ற தானியமே பலமடங்கு விலையில் சத்துமாவாக நம் ஊர்க் கடைக்குத் திரும்பி வருகிறது. விளைவித்தவர் வீட்டுப் பிள்ளை பன்னைத் தின்றுவிட்டு வேலைக்குப் போவது முறையாகுமா என்பதை உழவர் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்பு காட்டு வேலைக்குச் சென்றவர்கள் தூக்குவாளியில் கம்பங்கூழும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் எடுத்துச் சென்றார்கள். அந்தத் தூக்குவாளியை நெரிசலான பேருந்தில் கொண்டு செல்ல இயலாது. எனவே கூழ் நின்றது. கூழோடு சேர்ந்து தானியமும் அடுக்களையை விட்டுப் போய்விட்டது. மாற்ற வேண்டியது உணவின் வடிவத்தை மட்டுமே. தானியத்தைக் கைவிடத் தேவையில்லை.

சத்து விவரம்

நூறு கிராம் பச்சரிசியில் புரதம் ஏறக்குறைய 8 கிராம் உள்ளது. இரும்புச் சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே அளவு கம்பில் புரதம் சுமார் 11 கிராமும் இரும்புச் சத்து சுமார் 6 மில்லிகிராமும் உள்ளன. கேழ்வரகில் புரதம் சற்றுக் குறைவே. ஆனால் எலும்புக்கு வலுவூட்டும் சுண்ணாம்புச் சத்து 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் இது 10 மில்லிகிராம் அளவே.

தானியப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பயறு வகைகளில் அது நிறைய உண்டு. ஆகவே மூன்று பங்கு தானியத்துடன் ஒரு பங்கு பயறு சேர்த்தால் இரண்டின் புரதமும் உடலுக்கு முழுமையாகப் பயன்படும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை உள்ளது. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனக் காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் வயதில் உள்ள பெண்ணுக்கு வீட்டு அடுப்பைத் தவிர வேறு வழியில்லை.

எவ்வளவு நிலம் தேவை?

ஒருவரின் காலை உணவுக்கு 75 கிராம் சிறுதானியம் போதும். ஆண்டில் 300 நாட்களுக்கு 22½ கிலோ ஆகிறது. வீட்டில் இருவர் வெளியே செல்பவராயின் 45 கிலோ வேண்டும். இறவையில் ஏக்கருக்கு 1,000 கிலோ கம்பு அல்லது கேழ்வரகு எடுப்பவருக்கு இது 5 சென்ட் நிலத்தின் விளைச்சலே. மானாவாரியில் 10 சென்ட் ஒதுக்கினால் போதுமானது. வரப்போரம் பாசிப்பயறும் வேலியோரம் இரண்டு முருங்கையும் இருந்தால் கடையில் வாங்க வேண்டியது மிகக் குறைவு. விற்பனைக்கு மூட்டை பிடிக்கும் முன் வீட்டுக்கென ஒரு மூட்டையைத் தனியே கட்டி வைத்துவிடுங்கள்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

நல்ல உணவுக்கான வேலை களத்திலேயே தொடங்குகிறது. கீழ்க்கண்ட நான்கையும் தவறாமல் கடைப்பிடிக்கவும்.

1. கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம் வரும் வரை காய வைக்க வேண்டும். பல்லால் கடித்தால் மணி 'கடுக்'கென உடைய வேண்டும்.

2. கம்பில் தேன் ஒழுகல் நோய் தாக்கியிருந்தால் கருநிறப் பூஞ்சாணக் கட்டிகள் தானியத்துடன் கலந்திருக்கும். அவற்றை உண்டால் வாந்தியும் மயக்கமும் உண்டாகும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்துத் தானியத்தைக் கொட்டிக் கலக்கவும். மிதப்பவற்றை அகற்றி அழித்துவிட்டு, அடியில் தங்கிய நல்ல மணிகளை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி உலர்த்தவும்.

3. நிலக்கடலையைக் குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென ஒலிக்கும் அளவுக்குக் காய வைக்கவும். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சாணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். இது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் இந்த நச்சு முற்றிலும் அழிவதில்லை. ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை பூத்த பருப்புகளைக் கையால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். 'வீட்டுக்குத்தானே' என்று கழிவுக் கடலையை ஒதுக்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. அதைக் கைவிடுங்கள்.

4. மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை மீந்துபோனால், எவ்வளவு கழுவினாலும் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கேழ்வரகு முளைமாவு

கேழ்வரகை அப்படியே அரைப்பதைவிட முளைகட்டி அரைப்பது நன்று. முளைவிடும்போது மாவுச்சத்து ஓரளவு உடைந்து எளிதில் செரிக்கும் நிலைக்கு வருகிறது. இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது.

கல், மண் நீக்கிய 1 கிலோ கேழ்வரகை 10 முதல் 12 மணி நேரம் ஊற வைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டி வைக்கவும். துணி காயாமல் அவ்வப்போது நீர் தெளிக்கவும். ஒரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். உடனே நன்கு உலர்த்தி, கையால் தேய்த்து, முறத்தில் புடைத்து முளைகளை நீக்கவும். பின் இளஞ்சூட்டில் மணம் வரும் வரை வறுத்து அரைத்துக்கொள்ளவும். ஈரமில்லாத, இறுக மூடிய பாத்திரத்தில் ஒரு மாதம் வரை கெடாது.

கம்பு மாவு அவ்வாறு தங்காது. கம்பில் எண்ணெய்ச் சத்து மிகுதியாதலால் அரைத்த பத்து நாட்களுக்குள் கசப்பும் காறல் வாடையும் தட்டும். எனவே கம்பைத் தானியமாகவே வைத்திருந்து, வேண்டும்போது ஊற வைத்து ஆட்டிக்கொள்வதே சிறந்தது.

கையில் எடுத்துச் செல்ல மூன்று உணவுகள்

கேழ்வரகு சத்து உருண்டை: கேழ்வரகு முளைமாவு 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், வெல்லம் 120 கிராம், ஏலக்காய் 2, நெய் அல்லது நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி. கடலையையும் எள்ளையும் கொரகொரப்பாகப் பொடித்து மாவுடன் கலக்கவும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, கொதிக்க வைத்து, கைப்பிசுக்குப் பதம் வந்ததும் மாவில் ஊற்றவும். நெய்யும் ஏலப்பொடியும் சேர்த்துக் கைபொறுக்கும் சூட்டில் 15 உருண்டைகள் பிடிக்கவும். ஒரு வாரம் கெடாது. ஒருவருக்கு மூன்று உருண்டைகளும் ஒரு வாழைப்பழமும் போதும். மூன்று உருண்டைகளில் ஏறத்தாழ 380 கலோரி ஆற்றலும் 9 கிராம் புரதமும் கிடைக்கும்.

கம்பு, பாசிப்பயறு அடை: உமி நீக்கிய கம்பு 300 கிராமையும் முழுப் பாசிப்பயறு 100 கிராமையும் காலையில் ஊற வைத்து, மாலையில் மிளகாய், சீரகம், உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டி வைக்கவும். மறுநாள் விடியலில் நறுக்கிய சின்ன வெங்காயமும் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையும் கலந்து, தோசைக் கல்லில் அடையாக ஊற்றி இருபுறமும் நன்கு வேக விடவும். பன்னிரண்டு அடைகள் வரும். நால்வருக்குப் போதும். ஒருவர் பங்கில் சுமார் 14 கிராம் புரதம் உள்ளது. அடையின் நடுவே எள்ளுப் பொடி தூவிச் சுருட்டிக் கொடுத்தால் நின்றுகொண்டே உண்ணலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உருண்டைக்குப் பதிலாக இந்த அடையையே எடுத்துச் செல்லவும்.

சாமை இட்லி: இட்லிதான் வேண்டும் என்பவர்கள் நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து போடும் இடத்தில், அரிசியைப் பாதியாக்கி இரண்டு படி சாமை அரிசி சேர்த்துக்கொள்ளலாம். ஆறிய இட்லியில் மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டால் தொட்டுக்கொள்ளத் தனிப் பாத்திரம் தேவைப்படாது.

கட்டிக் கொடுக்கும் முறை

சூடான உணவை உடனே மூடினால் ஆவி நீராகி உணவின் மேல் சொட்டும். அந்த ஈரத்தில் உணவு விரைவில் ஊசிப்போகும். ஆகவே சூடு தணிந்த பின்பே மூடவும். பிளாஸ்டிக் தாளில் சுற்ற வேண்டாம். வாட்டிய வாழையிலையோ எவர்சில்வர் டப்பாவோ ஏற்றது. தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெடும். வெளியே செல்பவருக்குப் பொடியே பாதுகாப்பு. கட்டிய உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். உருண்டைக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. உண்ணும் முன் கையைக் கழுவுவது மிக அவசியம்.

இன்னொன்றையும் வெளியே செல்பவரிடம் சொல்லி அனுப்புங்கள். உணவோடு சேர்த்து டீயோ காப்பியோ குடித்தால் கம்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சரிவரச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுக் குடிக்கலாம். மாறாக ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும். தோட்டத்தில் ஒரு கொய்யா மரம் இருப்பது இதற்கும் உதவும்.

வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

இவ்வளவையும் யார் செய்வது என்ற கேள்வி எழுவது இயல்பே. வயல் வேலையும் மாட்டு வேலையும் பார்க்கும் இல்லத்தரசியை இதற்காக இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழச் செய்வது தீர்வாகாது. முளைகட்டி உலர்த்துவதும் மாவு அரைத்து வருவதும் மாதம் ஒருமுறை வேலை. உருண்டை பிடிப்பது வாரம் ஒருமுறை வேலை. இவற்றை ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து செய்யலாம். கடலை பொறுக்கவும் கீரை உருவவும் வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை உண்டு. அடைக்கு மாவு மாலையிலேயே தயாராக இருந்தால் விடியலில் கால் மணி நேர வேலைதான் மிஞ்சும்.

உழவர் பெருமக்களே, விதைக்கு என்று நல்ல கதிர்களைத் தேர்ந்து எடுத்து வைப்பது நம் வழக்கம். அதேபோல் வீட்டில் உள்ளோர் உண்பதற்கென்றும் நல்ல தானியத்தில் ஒரு மூட்டையை இந்தப் பருவத்திலிருந்தே எடுத்து வைப்பீர். முதல் பேருந்துக்கு ஓடும் உங்கள் மகளின் பையில், உங்கள் வயலில் விளைந்த காலை உணவு இருக்கட்டும்.