வலிக்காமல் பாலூட்ட: பிடிமானம் எப்படி இயங்குகிறது?

குக்கரில் பருப்பு வைத்திருக்கிறீர்கள். தீ நன்றாக எரிகிறது, தண்ணீரும் அளவாக இருக்கிறது. ஆனால் கேஸ்கட் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. 'உஸ்' என்று ஆவி கசியும். விசில் வராது, பருப்பும் வேகாது. தீயைக் கூட்டிப் பயனில்லை, மூடியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும். குழந்தை தாய்ப்பால் குடிப்பதும் இதே கணக்குதான்.

குக்கரில் ஆவி வெளிப்பக்கம் முட்டுகிறது. குழந்தையோ உள்பக்கம் இழுக்கிறது. அந்த ஒன்றுதான் வித்தியாசம். உதடும் நாக்கும் மார்பைக் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ள (இதுதான் பிடிமானம்), நாக்கு கீழிறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் வருகிறது. அதே நேரம் தாயின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. வலியும் பதற்றமும் அந்தத் தள்ளலைத் தாமதப்படுத்தும். அதனால் தாய் வசதியாக உட்காருவதும் பாலூட்டலில் ஒரு பாதி வேலை.

எங்கே கசிகிறது?

குழந்தை காம்பை மட்டும் கவ்வினால், அது நாக்குக்கும் கடினமான மேலண்ணத்துக்கும் நடுவே நசுங்கும். காம்பு புண்ணாகும், பாலும் சரியாக வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் நிறைய உள்ளே போனால், காம்பு அண்ணத்தின் மென்மையான பின்பகுதிவரை எட்டும், அங்கே நசுங்காது.

மூடியைப் போடும் விதம்

உள்மூடி குக்கரில் மூடியைச் சாய்த்து நுழைத்துத்தானே நிமிர்த்துவோம்? இங்கும் அப்படித்தான். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டை வருடுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறந்ததும், மோவாய் முதலில் மார்பில் படும்படி அணையுங்கள். குழந்தைதான் மார்புக்கு வரவேண்டும்; நீங்கள் குனிந்தால் முதுகு போய்விடும். பின்தலையை அழுத்தாமல், கழுத்தடியையும் தோளையும் தாங்குங்கள்.

எப்படி உட்காரலாம்?

எந்த நிலையானாலும் குழந்தையின் காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்கவேண்டும். உடல் முழுவதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கவேண்டும். மடியில் வைத்துக் கொடுப்பவர்கள் கைக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். சிசேரியன் தையல் உள்ளவர்கள், குழந்தையின் கால் உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கிக் கொடுத்தால் வயிற்றில் பாரம் விழாது. பால் பீய்ச்சி அடித்துக் குழந்தைக்குப் புரையேறினால், நன்றாகச் சாய்ந்துகொண்டு மார்புமேல் கவிழ்த்துப் போட்டுக் கொடுங்கள். அலுப்பாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். தூக்கம் சொக்கினால் குழந்தையைத் தனியே கிடத்திவிடுங்கள்.

சரியாக உட்கார்ந்ததா?

கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். 'டொக் டொக்' என்று நாக்குச் சத்தம் வந்தாலோ, வலி நீடித்தாலோ பிடிமானம் கசிகிறது என்று பொருள். அப்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஆவியை விட்டுவிட்டு மூடியைத் திறப்பதுபோல், வாயோரத்தில் சுத்தமான சுண்டுவிரலை விட்டுக் காற்றை உள்ளே விடுங்கள். பிறகு மறுபடி பிடிக்க வையுங்கள்.

பிறந்து ஐந்து நாள் ஆனபின் குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் கழிக்கவேண்டும். குறைந்தாலோ, காம்பு வெடித்தாலோ செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "பால் பத்தலை" என்று பவுடர் டப்பாவைத் தேடும் முன், குழந்தை எப்படிக் கவ்வியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.