பைபர்கிளாஸ் பொனட்: இலாபம் தராசில் இருக்கிறது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. துருப்பிடித்த பொனட்டுக்கும் உடைந்த மட்கார்டுக்கும் மாற்றுத் தேடி எனது உதிரிப்பாகக் கடைக்கு வந்தவர்கள் அநேகர். அந்தத் தேவையைப் பார்த்தே வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பைபர்கிளாஸ் பாகங்கள் செய்யத் தொடங்கினேன். இத்தொழிலில் இறங்க நினைக்கும் வியாபாரிகளுக்காக அதன் கணக்கை இங்கு தருகிறேன்.

இது புதிய வித்தையல்ல. 1953இல் வெளிவந்த செவ்ரோலெட் கோர்வெட் காரின் பொடி பைபர்கிளாஸால் ஆனது. நமது கரையோரங்களிலும் மீன்பிடிப் படகுகள் இதனால்தான் கட்டப்படுகின்றன. எனவே மூலப்பொருளுக்கும் வேலை தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை.

முதலில் பாரத்தைப் பாருங்கள். 0.8 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றர் 6 கிலோவுக்குச் சற்று அதிகம். 450 கிராம் மெட் இரண்டு அடுக்கு, ரெசின், மேற்பூச்சான ஜெல்கோட் எல்லாம் சேர்ந்தும் 4 கிலோவுக்குள் அடங்கும். “பலமாக இருக்கட்டும்” என்று நான்கு அடுக்குப் போட்டால் 7 கிலோவை நெருங்கிவிடும். இரும்பை விடப் பாரமான பொருளைப் பாரம் குறைந்தது என்று எப்படி விற்பது?

ஆகவே மெட்டை வெட்டியதும் தராசில் வையுங்கள். ஒரு கிலோ மெட்டுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ ரெசின் போதும். மிஞ்சி ஊற்றுவது பாரத்தையும் செலவையும் கூட்டுமே தவிர பலத்தைக் கூட்டாது. விறைப்பு வேண்டுமானால் உட்புறத்தில் போம் பட்டிகளை வைத்து அவற்றின் மேல் மெட் ஒட்டுங்கள். பிணைச்சலும் பூட்டும் வரும் இடங்களில் இரும்புத் தகட்டை உள்ளே பதித்துவிட வேண்டும்.

அடுத்தது அச்சு. நல்ல நிலையிலுள்ள அசல் பொனட்டுக்குப் பல தடவை மெழுகு பூசி, அதன் மேலேயே அச்சை எடுக்கலாம். அச்சு நெளியாதிருக்க ஆறு, எட்டு அடுக்குப் போட்டுச் சட்டமும் கட்ட வேண்டும். அதனால் ஒரு பொனட்டுக்குப் போகும் பொருளைப் போல மூன்று மடங்குக்கு மேல் அச்சுக்கே போகும். இதுதான் இத்தொழிலின் முதலீடு.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 வீதம். நமது வெப்பத்துக்குப் பெரும்பாலும் 1 வீதமே போதும். ஹார்டனரையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றுகலந்தால் வெடிக்கும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, இரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி மூன்றும் அவசியம். துணி முகமூடி உதவாது. காற்றோட்டமில்லாத இடத்திலோ பிள்ளைகள் நடமாடும் இடத்திலோ இவ்வேலையைச் செய்யக் கூடாது.

பொனட், மட்கார்ட், டிக்கி மூடி ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். மோதலைத் தாங்கும் பம்பர் உட்சட்டம், கதவின் உட்கம்பி போன்றவற்றை யார் கேட்டாலும் நான் செய்து கொடுப்பதில்லை. பொருள் பைபர்கிளாஸ் என்பதையும் பில்லில் எழுதியே கொடுக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒரே மாதிரிக் காருக்குப் பத்துப் பேர் கேட்டால் அச்சுப் போடுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் பழைய பொனட்டைத் தட்டி நிமிர்த்திக் கொடுப்பதே இருவருக்கும் இலாபம்.