மேல்நிலைப் பாடப்பிரிவுத் தேர்வும் மானாவாரி நிலத்து மாணவரும்: வீரசோழன் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பத்தாம் வகுப்பை நிறைவு செய்யும் மாணவர் பதினோராம் வகுப்பில் எப்பாடப்பிரிவில் சேர்வது என்னும் முடிவு, அவருடைய உயர்கல்வி, தொழில் ஆகிய இரண்டின் எல்லைகளையும் பெரிதும் வரையறுக்கிறது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்த வீரசோழன் போன்ற மழையை நம்பிய சிற்றூர்களில் இம்முடிவு மாணவரின் விருப்பத்தால் மட்டும் அமைவதில்லை. அருகிலுள்ள பள்ளியில் இருக்கும் பிரிவுகள், பேருந்து வசதி, குடும்ப வருவாய், பாடப்பிரிவுகளுக்குச் சமூகம் அளிக்கும் மதிப்பு ஆகியவை அதனைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியின் அமைப்பையும் சேர்க்கை விதிகளையும் எடுத்துக்காட்டி, ஆசிரியர் வழங்கத்தக்க வழிகாட்டுதலின் படிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மேல்நிலைக் கல்வி, பாடப்பிரிவுத் தேர்வு, வழிகாட்டுதல், வீரசோழன், திருச்சுழி, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு.

முன்னுரை

ஒரு செயலைத் தொடங்குமுன் அதனால் நேரும் இழப்பையும், கிடைக்கும் விளைவையும், அவ்விளைவு பின்னர்த் தரும் பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் உணர்த்தும் கருத்தாகும். பதினைந்து வயதில் எடுக்கப்படும் பாடப்பிரிவு முடிவுக்கு இம்மூன்று அளவைகளும் பொருந்தும். ஆயினும் நடைமுறையில் இரண்டாம் அளவையாகிய உடனடி விளைவு மட்டுமே பெரிதும் கருதப்படுகிறது. ‘எந்தப் பிரிவில் இடம் கிடைக்கும்’ என்னும் வினாவுடன் உரையாடல் முடிந்துவிடுகிறது. அப்பிரிவு எந்தப் படிப்புகளுக்கான தகுதியைத் தரும், எவற்றை இழக்கச் செய்யும் என்பவை கேட்கப்படாமலே போகின்றன.

வட்டாரமும் கல்விச் சூழலும்

வீரசோழன் நரிக்குடி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகியவற்றை உள்ளடக்கிய இப்பகுதி கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரிப் பயிரையும் நம்பியது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஆடு வளர்ப்பும், சீமைக்கருவேல விறகை எரித்துக் கரியாக்கும் மூட்டத் தொழிலும், வெளியூர் வேலையும் குடும்பங்களைத் தாங்குகின்றன. வருவாய் நிலையற்ற இத்தகைய சூழலில், நீண்ட காலம் செலவு கோரும் படிப்பைக் குடும்பம் அஞ்சுவது இயல்பே.

கல்வியில் இம்மாவட்டம் ஒரு முரணைக் கொண்டுள்ளது. 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இது, பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்றது. அதே மாவட்டம் 2018இல் நடுவண் அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில், இராமநாதபுரத்துடன் சேர்த்து இடம்பெற்றது. தேர்ச்சியும் வளர்ச்சியும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது. தேர்வில் வெற்றி பெறும் மாணவரை அவ்வெற்றி எங்கே கொண்டு சேர்க்கிறது என்னும் வினாவுக்குத் தேர்ச்சி விழுக்காடு விடை தருவதில்லை.

பாடப்பிரிவு அமைப்பின் வரலாறு

அ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பல்வகைப் பாடப்பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்ததோடு, மாணவர்க்குக் கல்வி, தொழில் வழிகாட்டுதல் தேவை என்பதையும் வலியுறுத்தியது. பின்வந்த கோத்தாரிக் குழு (1964–66) 10+2+3 என்னும் அமைப்பை முன்மொழிந்தது. இதனையொட்டித் தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. அதுவரை கல்லூரியில் நடைபெற்ற புகுமுக வகுப்பு நீங்கி, பாடப்பிரிவுத் தேர்வு பள்ளிக்கு இறங்கி வந்தது.

இம்மாற்றத்தின் ஒரு விளைவு போதிய கவனம் பெறவில்லை. புகுமுக வகுப்புக்கு மாணவர் நகரத்துக்குச் சென்றாக வேண்டியிருந்தது. சென்றவர்க்குப் பல பிரிவுகள் இருந்தன. மேல்நிலைக் கல்வி ஊருக்கு அருகில் வந்தபோது, கல்வி எளிதாயிற்று. ஆயின் தேர்வு, அப்பள்ளியில் இருக்கும் ஒரு சில பிரிவுகளுக்குள் சுருங்கியது. பிரிவுகளைத் திறப்பதற்கு முதுகலை ஆசிரியர் பணியிடங்களும் ஆய்வகங்களும் போதிய மாணவர் எண்ணிக்கையும் வேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளில் இவை ஒருங்கே அமைவது அரிது. வழிகாட்டுதல் குறித்த முதலியார் குழுவின் பரிந்துரையோ பிரிவுகள் பெருகிய வேகத்தில் நடைமுறைக்கு வரவில்லை.

எண்ணிட்ட பெயரும் படிநிலை உணர்வும்

பேச்சு வழக்கில் பாடப்பிரிவுகள் ‘முதல் குரூப்’, ‘இரண்டாம் குரூப்’, ‘மூன்றாம் குரூப்’ என வழங்கப்படுகின்றன. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கியது முதலாவதாகவும், வணிகவியலும் கணக்குப்பதிவியலும் அடங்கியது பின்னதாகவும், தொழிற்பிரிவு இறுதியாகவும் எண்ணப்படுகின்றன. பக்கவாட்டில் அமைந்த மாற்று வழிகளை மேலும் கீழுமாக அடுக்கும் பணியை இப்பெயரீடு செய்கிறது. சேர்க்கையும் மதிப்பெண் வரிசையில் நிகழ்வதால், வணிகவியலை விரும்பி எடுத்த மாணவரும் ‘மதிப்பெண் குறைந்ததால் எடுத்தவர்’ என்றே கருதப்படுகிறார்.

லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாடு இங்கு நினைக்கத்தக்கது. இளையோர் தமக்குரிய தொழில்களைத் தேடும் முன்னரே, பால் வேறுபாடு, சமூக மதிப்பு ஆகிய அளவுகோல்களால் பலவற்றை ‘இது நமக்கன்று’ என விலக்கிவிடுகின்றனர் என்றும், எஞ்சியவற்றுள்ளும் எட்டக்கூடியதற்கு இணங்கிவிடுகின்றனர் என்றும் அவர் விளக்கினார். வீரசோழன் வட்டார மாணவரிடம் ‘உன் விருப்பம் என்ன?’ என்று பத்தாம் வகுப்பின் இறுதியில் கேட்பது காலந்தாழ்ந்த வினா. விலக்கல் அதற்கு முன்னரே நடந்து முடிந்திருக்கும். அர்ஜுன் அப்பாதுரை 2004இல் விளக்கிய ‘விழையும் திறன்’ என்னும் கருத்தும் இதனோடு இணைவது. வசதியுடையோர் தம் விழைவுகளை அடுத்தடுத்த படிகளோடு இணைத்துக் காண்கின்றனர். வறியோரிடம் விழைவு குறைவன்று. இலக்குக்கும் இன்றைய நிலைக்கும் இடைப்பட்ட படிகளைக் காட்டும் வரைபடமே அவர்களிடம் குறைவு. வழிகாட்டும் ஆசிரியர் தரவேண்டியது அவ்வரைபடமே.

பிரிவுகள் திறக்கும் வாயில்கள்

கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்றோர்க்குப் பொறியியல் கலந்தாய்வு உண்டு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. மருத்துவத்துக்கு உயிரியலோடு நீட் தேர்வும் வேண்டும். செவிலியர் பட்டப்படிப்புக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் உயிரியல் தேவை. மருந்தியலில் உயிரியலுக்கு மாற்றாகக் கணிதம் பயின்றோரும் சேரலாம்.

பிரிவு வரம்பில்லாத வாயில்களும் உள்ளன. ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் எப்பிரிவினரும் சேரலாம். பட்டயக் கணக்கறிஞர் படிப்பின் தொடக்கநிலைத் தேர்வும் அவ்வாறே. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகள் பலவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பட்டயம் பெற்றவர் பொறியியலின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. பதினோராம் வகுப்பே ஒரே பாதை என்னும் எண்ணத்தை இது திருத்துகிறது. தொழிற்பிரிவினர்க்குப் பொறியியல் கலந்தாய்விலும், வேளாண் தொழிற்பிரிவினர்க்கு வேளாண் பட்டப்படிப்பிலும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்கும் இம்மானாவாரி நிலத்தில், வேளாண் பிரிவை ‘கடைசிப் பிரிவு’ என ஒதுக்குவது பொருந்தாது.

இவ்வாயில்களிடையே ஒரு சமனின்மை உள்ளது. அறிவியல் பயின்றவர் பின்னர்க் கலை, வணிகம், சட்டம் ஆகியவற்றுக்குத் திரும்பலாம். வணிகம் பயின்றவர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ திரும்ப இயலாது. இதனைக் காட்டியே ‘முதல் பிரிவை எடுத்தால் எல்லா வழியும் திறந்திருக்கும்’ என்று அறிவுறுத்தப்படுகிறது. அறிவுரை பாதி உண்மை. கலை, அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பொறுத்ததே. கணிதத்தில் தடுமாறும் மாணவர் முதல் பிரிவில் குறைந்த மதிப்பெண் பெற்றால், தகுதியளவில் திறந்திருக்கும் வாயில்கள் தரவரிசையில் அடைபட்டுவிடும். வணிகவியலில் உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடியவர் இயற்பியலில் தேர்ச்சியளவில் நிற்பது இழப்பேயன்றிக் காப்பன்று. ஆகவே ஒரு பிரிவு எத்தனை வழிகளைத் தருகிறது என்பதோடு, அவ்வழிகளுள் அம்மாணவர் எவற்றை உண்மையில் எட்ட இயலும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பள்ளி மாற்றத்தின் மறைவிலை

விரும்பிய பிரிவு உள்ளூரில் இல்லாதபோதும், நல்ல பயிற்சி கிடைக்கும் என்னும் நம்பிக்கையிலும், பதினோராம் வகுப்பில் பிள்ளைகளை நகரத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றும் வழக்கம் உண்டு. கட்டணத்துக்கு அப்பாலும் இதற்கு விலை உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் இதன் அடிப்படை நிபந்தனை. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர் இறுதி இரண்டாண்டுக்கு மட்டும் தனியார் பள்ளிக்குச் சென்றால் இவ்வுரிமையை முழுவதும் இழக்கிறார். அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கும் இவ்வொதுக்கீடு இல்லை. எனவே தாம் பயில்வது அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்பதை மாணவர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் (2024) பள்ளி வகையைக் கொண்டே தகுதியை வரையறுக்கின்றன.

பயிற்றுமொழி மாற்றமும் இத்தகையதே. தமிழ்வழிப் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பள்ளிக்கல்வி முதல் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும். பதினோராம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறுவோர், மேல்நிலைக் கல்வியையோ பட்டத்தையோ தகுதியாகக் கொண்ட பணிகளுக்குப் பின்னாளில் இம்முன்னுரிமையைக் கோர இயலாது. மாறுவது தவறன்று, அறியாமல் மாறுவதே தவறு.

மாணவியரும் தொலைவும்

பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டியும் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டையும் வழங்கப்படுகின்றன. ஆயினும் சிறப்பு வகுப்பு முடியும் மாலை நேரத்தில் பேருந்து இல்லையெனில் பயண அட்டையால் பயனில்லை. ஆண் பிள்ளைக்கு அடுத்த ஊர்ப் பள்ளி ஒரு தேர்வாகத் தோன்றும் இடத்தில், பெண் பிள்ளைக்கு ‘உள்ளூரில் இருப்பதைப் படி’ என்பதே விடையாகிறது. இங்குத் தடையாக நிற்பது திறனோ விருப்பமோ அன்று, தொலைவே. அதனை மாணவியின் விருப்பமாகப் பதிவு செய்துகொள்வது பிழையான வழிகாட்டுதலாகும். பேருந்து நேரம், விடுதி வசதி, உடன் செல்லும் மாணவியர் ஆகியவற்றைப் பற்றிய செய்தியே இத்தகைய குடும்பங்களுக்கு அறிவுரையினும் பயன்தரும்.

வழிகாட்டுதலின் படிகள்

2022ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் பள்ளிகளில் வழிகாட்டுதலுக்கு ஒரு கட்டமைப்பைத் தந்தது. அதனை வட்டாரத்துக்கு ஏற்பப் பயன்படுத்தும் ஆசிரியர் பின்வரும் படிகளைக் கருதலாம்.

முதலாவது, காலம். ஒன்பதாம் வகுப்பிலேயே உரையாடல் தொடங்க வேண்டும். கணிதத்தில் பின்தங்கியவர்க்கு ஓராண்டு இருந்தால் குறையை நீக்கிக்கொள்ள இயலும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் அது இயலாது.

இரண்டாவது, சான்று. ஒரே தேர்வின் மொத்த மதிப்பெண்ணைக் காட்டிலும், பாடவாரியாக ஈராண்டு நிலை மாணவரின் போக்கை நன்கு காட்டும். மொத்தத்தில் 350 பெற்ற இருவருள் ஒருவர் கணிதத்தில் வலியவராகவும், மற்றவர் மொழியிலும் சமூக அறிவியலிலும் வலியவராகவும் இருக்கக்கூடும். அவர்க்குரிய பிரிவுகள் வெவ்வேறு.

மூன்றாவது, பின்னோக்கிய கணக்கு. மாணவர் விரும்பும் பணியிலிருந்து தொடங்கி, அதற்குரிய பட்டம், சேர்க்கை முறை, தேவையான பாடங்கள் எனப் பின்னோக்கி வரவேண்டும். விருப்பப் பணிக்குச் செல்லும் முதன்மை வழியோடு, அது கைகூடாவிடில் அதே பிரிவிலிருந்து செல்லத்தக்க மாற்று வழி ஒன்றையும் எழுதிவைக்க வேண்டும். மருத்துவம் விரும்பும் மாணவிக்குச் செவிலியம், மருந்தியல், உயிரியல் சார்ந்த பட்டங்கள் ஆகியவை முன்னரே அறிமுகமாகியிருந்தால் நீட் தேர்வின் தோல்வி படிப்பின் முடிவாகாது.

நான்காவது, குடும்பம். செலவு, உதவித்தொகை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக்கட்டணச் சலுகை, எத்தனை ஆண்டில் வருவாய் தொடங்கும் என்பவற்றைப் பெற்றோர் முன்னிலையில் தெளிவாக்க வேண்டும். ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் பெற்றோரின் தயக்கம் அறியாமையன்று. மழை பொய்த்த ஆண்டுகளைக் கண்ட அனுபவம். அதற்கு விடை கணக்காகவே அமைய வேண்டும்.

ஐந்தாவது, மறுஆய்வு. பதினோராம் வகுப்பின் தொடக்க வாரங்களில் பிரிவு பொருந்தவில்லை எனத் தெரிந்தால் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை மாணவர்க்குச் சொல்ல வேண்டும். 2017–18இல் அறிமுகமான பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி நீக்கப்பட்டது. அதனால் அழுத்தம் குறைந்தது. எனினும் பொதுத்தேர்வு இல்லாத ஆண்டில் பொருந்தாமை வெளிப்படாமல் மறைந்திருக்கும் வாய்ப்பும் உண்டு. முதற் பருவத் தேர்வுக்குப் பின் ஒருமுறை உரையாடுவது இதனால் முன்னினும் தேவையாகிறது.

முடிவுரை

பாடப்பிரிவுத் தேர்வு தனி மாணவரின் விருப்பச் செயலாகத் தோன்றினும், பள்ளியின் அமைப்பு, சேர்க்கைச் சட்டங்கள், தொலைவு, சமூக மதிப்பு ஆகியவற்றின் கூட்டு விளைவாகவே அமைகிறது. நகர மாணவருக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் தரும் செய்தியை, வீரசோழன் வட்டார மாணவருக்குப் பெரும்பாலும் பள்ளி ஒன்றே தரவேண்டியுள்ளது. ஆகவே இங்கு ஆசிரியரின் அரைமணி நேர உரையாடல், நகரத்தில் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு பொறுப்புடையது. தேர்ச்சி விழுக்காட்டைப் பதிவு செய்வது போலவே, ஒவ்வொரு பிரிவிலும் பயின்றோர் ஈராண்டுக்குப் பின் எங்குச் சேர்ந்தனர் என்பதையும் பள்ளிகள் தொடர்ந்து பதிவு செய்தல் வேண்டும். அடுத்து வரும் மாணவர்க்கு அப்பதிவே நம்பத்தகுந்த வழிகாட்டியாகும். வட்டார அளவிலான கல்வி ஆய்வுகளுக்கும் அது முதன்மைத் தரவாக அமையும்.