வண்ணப் பிரதி யந்திரமும் அதன் எல்லையும்

பெங்களூரின் வட பகுதியில், ஹெப்பாளத்தில் மண் அளவைக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார நிலையமும், ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உள்ளன. இத்தகைய நிலையங்கள் ஆக்கும் மண்வகைப் படங்களிலும் பயிர் நோய்ப் படங்களிலும் நிறமே செய்தியாகும். அவற்றைப் பள்ளிக்கும் கிராமத்திற்கும் கொண்டு செல்ல வண்ணப் பிரதி யந்திரம் பெரிதும் உதவுகிறது. ஆயினும், எதனைப் பிரதி எடுக்கலாம், எதனை எடுக்கலாகாது என்பதை அறிந்த பின்னரே அதனைக் கையாளத் தொடங்க வேண்டும்.

1938 அக்டோபர் 22 ஆம் நாள், நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், செஸ்டர் கார்ல்சன் என்பார் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, ஒளிபடச் செய்து, பொடி தூவி முதல் உலர்பிரதியைப் பெற்றார். இன்றைய லேசர் வகை யந்திரத்திலும் அத்தத்துவமே செயற்படுகிறது. உருளையில் ஒளி பட்ட இடமும் படாத இடமும் மின்னேற்றத்தில் வேறுபடுவதால், டோனர் பொடி உரிய இடங்களில் மட்டும் ஒட்டுகிறது. பின்னர் அது காகிதத்திற்கு மாற்றப்பட்டு, வெப்பத்தால் உருகிப் பதிகிறது. பசுநீலம், ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு பொடிகளின் நுண்புள்ளிகளே கண்ணுக்குப் பல நிறங்களாகத் தோன்றுகின்றன.

யந்திரத்தைச் சமதளத்தில், நேர் வெயில் படாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுவ வேண்டும். மின்னிணைப்புக்கு நில இணைப்பு இன்றியமையாதது. மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிச் சிக்கிக்கொள்ளுமாதலின், அதனை உறையிலேயே வைத்திருத்தல் நலம். கண்ணாடியை மென்மையான துணியால் துடைத்து, யந்திரத்திலுள்ள நிறச் சீரமைப்பை இயக்கிய பின், ஒரே ஒரு பிரதி எடுத்து மூலத்துடன் பகலொளியில் ஒப்பிட வேண்டும். சிந்திய பொடியைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். வெந்நீர் கறையை நிலைபெறச் செய்யும்.

எவ்வளவு கவனமாக இருப்பினும் பிரதியின் நிறம் மூலத்தினின்று சிறிது மாறும். மண்வகைப் படத்தில் இதனால் பெருந்தீங்கில்லை. படமும் அதன் நிறக்குறி விளக்கமும் ஒரே தாளில் இருப்பின் இரண்டும் ஒருங்கே மாறும். படிப்பவர் பெரும்பாலும் தவறார். விளக்கத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுப்பதே பிழையாகும்.

நெற்பயிருக்கான இலை வண்ண அட்டையின் நிலை வேறு. இலையின் பசுமையை அட்டையின் பட்டைகளோடு ஒப்பிட்டே தழைச்சத்து தேவையா என்று முடிவு செய்கின்றனர். இங்கு ஒப்பிடப்படும் இலை தாளுக்கு வெளியே, வயலில் இருக்கிறது. யந்திரம் அதனை மாற்றுவதில்லை. பிரதியில் பட்டை வெளிறினால், பசித்த பயிரும் செழித்ததாகத் தோன்றி உரம் மறுக்கப்படும். பட்டை கறுத்தால், போதிய சத்துள்ள பயிருக்கும் யூரியா இடப்பட்டுப் பொருள் வீணாகும். பயிர் சாய்வதற்கும் பூச்சி பெருகுவதற்கும் இடமுண்டாகும். ஆதலின் அவ்வட்டையைப் பிரதி எடுத்து வயலில் வழங்கலாகாது. மூல அட்டையையே பெற வேண்டும். வகுப்பில் காட்டுவதற்காகப் பிரதி எடுப்பின், “அளவீட்டுக்கு அன்று” என்று அதன்மேல் எழுதுதல் வேண்டும்.

தாளுக்குள் ஒப்பிடும் நிறத்தைப் பிரதி எடுக்கலாம். தாளுக்கு வெளியே உள்ள பொருளோடு ஒப்பிடும் நிறத்தை எடுக்கலாகாது. இவ்வொரு விதியை நினைவிற் கொண்டால் யந்திரம் நற்பணியாளாக விளங்கும்.