விடுபடுவது எதுவென அறிந்து விலக்குவோம்

ஆவணம் ஒன்றின் பெறுமதியை அதனைத் தொலைத்தவர்களே நன்கறிவர். இடப்பெயர்வுகளின்போதும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையின்போதும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் இழந்து, அவற்றின் பிரதிகளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவம் எமது மக்களில் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றிப் பலருக்கும் உண்டு. இன்று அத்தகைய ஆவணங்களிற் பெரும்பாலானவை கணினிக்குள் புகுந்துவிட்டன. பாடசாலைகளின் அனுமதிப் பதிவேடுகள், ஆலய பரிபாலன சபைகளினதும் பள்ளிவாசல் நிருவாக சபைகளினதும் கணக்குகள், சங்கங்களின் கூட்ட அறிக்கைகள், குடும்பப் புகைப்படங்கள் என யாவும் வன்தட்டுகளில் தங்கியுள்ளன. காகிதத்தைக் கறையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினிக் கோப்பு இல்லாமற்போனதோ, அதனைத் தேடும் நாள் வரை எவருக்கும் தெரிவதில்லை.

இந்த அச்சத்தினாலேயே பலரும் கோப்பு ஒத்திசைவு மென்பொருள்களை நாடுகின்றனர். ஓரிடத்திலுள்ள கோப்புறையை இன்னோரிடத்திலுள்ள கோப்புறையுடன் ஒப்பிட்டு, மாறியவற்றை மாத்திரம் பிரதி செய்து, இரண்டையும் ஒரே நிலையில் வைத்திருப்பதே இவற்றின் பணியாகும். அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மக்கரஸ் ஆகிய இருவரும் உருவாக்கி 1996 இல் வெளியிட்ட ஆர்சிங்க், 2013 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சிங்திங், விண்டோஸ் பாவனையாளர் பலர் பயன்படுத்தும் ஃபிரீஃபைல்சிங்க், இணையவழிச் சேமிப்பகமான டிரொப்பொக்ஸ் ஆகியன இவ்வகையில் நன்கறியப்பட்டவை.

இவை அனைத்திலும் ஒரு பொதுவான வசதி உண்டு. எல்லாவற்றையும் பிரதி செய்ய வேண்டியதில்லை, இன்னின்ன கோப்புறைகளை விட்டுவிடு என்று மென்பொருளுக்குக் கட்டளையிடலாம். இதனையே விலக்கு வடிகட்டி என்கின்றனர். இது அவசியமான வசதியே. கணினியிலுள்ள கோப்புகளில் கணிசமானவை தற்காலிகமானவை. எழுத்துச் செயலி திறந்திருக்கும்போது தோன்றி, மூடும்போது மறையும் கோப்புகள், படங்களின் சிறுவுருக்களைச் சேமிக்கும் கோப்புகள், இணைய உலாவியின் இடைச்சேமிப்பு, அழித்தவற்றை வைத்திருக்கும் மீள்சுழற்சித் தொட்டி ஆகியவற்றைப் பிரதி செய்வதனால் எவருக்கும் பயனில்லை. ஃபிரீஃபைல்சிங்க் மீள்சுழற்சித் தொட்டி போன்றவற்றை ஆரம்பத்திலேயே தனது விலக்குப் பட்டியலிற் சேர்த்தே தருகின்றது. இணையக் கட்டணத்தையும் வன்தட்டின் இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டிய சிறிய அலுவலகங்களுக்கு இச்சிக்கனம் பெரிதும் உதவும். பிறர் பார்வைக்குச் செல்லக்கூடாத அந்தரங்க ஆவணங்களை வெளியிடத்துக்கு அனுப்பாது தடுப்பதற்கும் இதுவே வழியாகும்.

ஆயினும் இவ்வசதியில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. ஒரு கோப்பைப் பிரதி செய்ய முயன்று முடியாமற்போனால் மென்பொருள் பிழைச் செய்தி தரும். விலக்குமாறு நாமே பணித்த கோப்பைப் பற்றி அது எச்சரிப்பதில்லை. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றே திரையிற் காட்டும். தவறாக எழுதப்பட்ட ஒரு விலக்கு விதி ஆண்டுக்கணக்கில் எவரது கவனத்துக்கும் வராமல் இருக்கக்கூடும் என்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

ஓர் உதாரணத்தின் மூலம் இதனை விளக்கலாம். ஒரு பாடசாலை அலுவலகத்தின் கணினியில் ‘பழைய வரைவுகள்’, ‘பழைய சுற்றறிக்கைகள்’ எனப் பல கோப்புறைகள் இருப்பதாகக் கொள்வோம். அவை தேவையற்றவை எனக் கருதும் ஒருவர் ‘பழைய*’ என விலக்கு விதி எழுதுகின்றார். இங்கு நட்சத்திரக் குறியானது ‘இதன் பின்னர் எது வந்தாலும்’ எனப் பொருள்படும். ஒரே வரியில் வேலை முடிந்தது. ஆனால் அதே கணினியில் ‘பழைய மாணவர் பதிவேடு’ என்றொரு கோப்புறையும் உண்டு. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, எழுத்துகளின் வரிசை மாத்திரமே தெரியும். எனவே அப்பதிவேடும் சேர்ந்தே விடுபடும். சில ஆண்டுகளின் பின்னர் வன்தட்டுப் பழுதடைந்து, வெளிநாட்டிலுள்ள ஒரு பழைய மாணவர் விடுகைப் பத்திரம் கோரும்போதே உண்மை வெளிப்படும்.

இதனைத் தவிர்ப்பதற்கான முதலாவது வழி, விதியை இயன்றவரை குறுக்கி எழுதுவதாகும். ஆர்சிங்க், சிங்திங் ஆகிய இரண்டிலும் வெறுமனே ஒரு பெயரை எழுதினால், அப்பெயர் எந்த ஆழத்திலுள்ள கோப்புறைக்குள் வந்தாலும் விதி அதனைப் பிடித்துக்கொள்ளும். பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோட்டை இட்டு ‘/பழைய வரைவுகள்’ என எழுதினாலோ, ஒத்திசைக்கப்படும் கோப்புறையின் மேல்மட்டத்தில் உள்ளதை மாத்திரமே அது குறிக்கும். ஆர்சிங்கில் பெயரின் இறுதியிலும் சாய்கோடு இட்டால் அது கோப்புறைகளுக்கு மட்டுமே பொருந்தும், அதே பெயருடைய கோப்புக்குப் பொருந்தாது. அதே மென்பொருளில் ஒரு நட்சத்திரக் குறி ஒரு கோப்புறை மட்டத்துடன் நின்றுவிடும், இரண்டு நட்சத்திரக் குறிகள் அடுத்தடுத்த மட்டங்களையும் கடந்து செல்லும். இச்சிறு குறிகளில்தான் ஒரு பதிவேடு தங்குவதும் தொலைவதும் அடங்கியுள்ளது.

இரண்டாவது, விதிகளின் வரிசையாகும். ‘பழைய*’ என்பதை விலக்கிவிட்டு, மாணவர் பதிவேட்டுக்கு மாத்திரம் விதிவிலக்கு அளிக்க விரும்பினால், அந்த விதிவிலக்கை எங்கே எழுதுவது? ஆர்சிங்க், சிங்திங் ஆகியவற்றில் மேலிருந்து கீழாக வாசிக்கும்போது முதலிற் பொருந்தும் விதியே செல்லுபடியாகும். ஆகவே விதிவிலக்கு முதலிலும் பொது விலக்கு அதன் கீழும் வரவேண்டும். மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட் என்னும் முறைமையிலோ இறுதியாகப் பொருந்தும் விதியே வெல்லும். அங்கே வரிசை தலைகீழாக அமையவேண்டும். ஒன்றில் எழுதிய பட்டியலை மற்றொன்றில் அப்படியே ஒட்டுவோர் ஏமாறுவது இதனாலேயே.

இதனோடு தொடர்புடைய இன்னொரு விடயமும் உண்டு. ஆர்சிங்க் ஒரு மேற்கோப்புறையை விலக்கிவிட்டால் அதற்குள் நுழைந்து பார்ப்பதே இல்லை. வாயிற்கதவைப் பூட்டிவிட்டு, உள்ளறைக்கு மாத்திரம் அனுமதிச் சீட்டு வழங்குவதாற் பயனில்லை அல்லவா? உள்ளே இருக்கும் ஒரு கோப்புறை வேண்டுமெனில், அதனைச் சென்றடையும் பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் அனுமதித்தே ஆகவேண்டும்.

தமிழிற் கோப்புறைப் பெயர்களை எழுதுவோர் கவனிக்கவேண்டிய தனியான சிக்கல் ஒன்றும் உள்ளது. யூனிகோட் முறையில் ‘கோ’ என்னும் எழுத்தை இரு விதமாகப் பதியலாம். ககரத்துடன் ஓகார உயிர்க்குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒருவிதம். ஏகாரத்துக்குரிய கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். கொ, கௌ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், உள்ளே பதியப்பட்ட குறியீடுகள் வேறானவை. அப்பிள் கணினிகளில் முன்னர் வழக்கிலிருந்த கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தெழுதிய வடிவிலேயே சேமித்தது. விண்டோஸில் நாம் தட்டச்சிடும்போது பெரும்பாலும் சேர்த்தெழுதிய வடிவமே பதிவாகும். ஆகவே ‘கோப்புகள்’ என்னும் கோப்புறைக்காக ஒரு கணினியில் எழுதிய விதி, மற்றொரு கணினியிலிருந்து வந்த ‘கோப்புகள்’ என்பதுடன் பொருந்தாமற் போகலாம். விலக்கு விதிகளில் இடம்பெறும் கோப்புறைகளுக்கு எளிய ஆங்கிலப் பெயர்களையோ இலக்கங்களையோ இடுவது நடைமுறைக்கு உகந்தது. ஆங்கிலப் பெயர்களிலும் லினக்ஸ் முறைமை பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகவே கருதும் என்பதை மறத்தலாகாது.

விலக்கு என்ற சொல்லும் எல்லா மென்பொருள்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. டிரொப்பொக்ஸில் தெரிவுசெய்து ஒத்திசைக்கும் பட்டியலில் ஒரு கோப்புறையின் அடையாளத்தை நீக்கினால், அது அந்தக் கணினியிலிருந்து அகற்றப்பட்டு இணையத்தில் மாத்திரம் எஞ்சும். அப்படிச் செய்யாமல், இடம் போதவில்லை எனக் கருதிக் கோப்புறையையே அழித்தால், இணைக்கப்பட்டுள்ள ஏனைய கணினிகளிலும் அது அழிந்துவிடும். ஆர்சிங்கில், மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலிருந்தும் அழிக்குமாறு பணித்தாலும், விலக்கப்பட்ட கோப்புகள் பிரதியிற் பாதுகாக்கப்படும். எனினும் விலக்கப்பட்டவற்றையும் சேர்த்தே அழிக்கும் மற்றுமொரு கட்டளை அங்குண்டு. அதனைப் பயன்படுத்துவோர் புதிதாக ஒரு விலக்கு விதி எழுதினால், முன்னர் பத்திரமாக இருந்த பிரதியும் அடுத்த தடவையே அழிந்துபோகும். சிங்திங்கில் விலக்குப் பட்டியல் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியானது, தானாக மற்றையதற்குச் செல்லாது. முன்னர் பகிர்ந்த ஒரு கோப்பை ஒரு கணினியில் விலக்கினால் ஏனையவற்றில் அதன் பழைய பிரதி தங்கிவிடும். புதிய திருத்தங்கள் போய்ச் சேரமாட்டா. இல்லாத பிரதியைக் காட்டிலும், புதியதெனத் தோற்றங்காட்டும் பழைய பிரதி கூடுதலான தீங்கை விளைவிக்கலாம்.

சில வகைக் கோப்புகளை விலக்குவது சரியானதே, ஆனால் விலக்கியதோடு கடமை முடிந்துவிடாது. கணக்கியல் மென்பொருளின் தரவுத்தளம், மின்னஞ்சல் மென்பொருளின் சேமிப்புக் கோப்பு போன்றவை திறந்திருக்கையில் இடையறாது மாறிக்கொண்டிருப்பவை. அவ்வேளையில் எடுக்கும் பிரதி பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் அமைந்து, திறக்கவே முடியாமற் போகலாம். எனவே அவற்றை ஒத்திசைவிலிருந்து விலக்கி, அந்தந்த மென்பொருளிலேயே உள்ள காப்புப்பிரதி வசதியின் மூலம் முழுமையான பிரதியொன்றை எடுத்து, அந்தப் பிரதியை ஒத்திசைக்க வேண்டும். முதற்பாதியை மாத்திரம் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால், நிறுவனத்தின் மிக முக்கியமான கோப்பே பாதுகாப்பின்றி நிற்கும்.

இவை சிறிய அலுவலகங்களுக்கு மாத்திரம் நேரும் தவறுகள் என எண்ணிவிடக்கூடாது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, அதன் மீத்திறன் கணினியின் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் அளவிலான, ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. இது விலக்கு விதியில் நேர்ந்த பிழை அன்று, நீக்கல் விதியில் நேர்ந்தது. காப்புப்பிரதி வேலையின் ஒரு பகுதியாக, 10 நாட்களுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை மாத்திரம் நீக்கவேண்டிய நிரல் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மாற்றப்பட்டதனால் எல்லையிழந்து, ஆய்வாளர்களின் கோப்புகளிற் கைவைத்தது. வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கும் கோட்டைப் பரீட்சிக்காமல் இயங்கவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிட்டாக வேண்டும். ஒத்திசைவு நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் மறுபக்கத்துக்குக் கொண்டுசெல்லும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானது. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல் தரவுகள் மீட்கமுடியாமற் போயின. எப்போதும் இணைப்பிலிருக்கும் பிரதியை மாத்திரம் நம்பியிருக்க முடியாது என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவையேனும் வெளி வன்தட்டொன்றிற் பிரதி எடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைப்பது சிறிய அலுவலகத்துக்கும் இயலுமான காரியமே.

விலக்கு விதிகளை வகுக்கும்போது பின்பற்றத்தக்க ஒழுங்கு கடினமானதன்று. விதி எழுதுவதற்கு முன்னர் கோப்புறைகளின் பட்டியலைக் கண்ணாற் பார்த்துவிட வேண்டும். எழுதிய பின்னர் உண்மையாக இயக்காமல் ஒத்திகை பார்க்க வேண்டும். ஆர்சிங்கில் எதனையும் மாற்றாமல், செய்யவிருப்பதை மாத்திரம் காட்டும் ஒத்திகைக் கட்டளை உண்டு. ஃபிரீஃபைல்சிங்க் ஒப்பீட்டின் முடிவை முதலிற் காட்டிவிட்டே ஒத்திசைக்கும். சிங்திங் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் காட்டுவதால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் அங்கேயே ஐயம் எழவேண்டும். ஒவ்வொரு விதியின் அருகிலும் அது எதற்காக, யாரால், எப்போது எழுதப்பட்டது என்பதைக் குறித்து வைத்தல் நன்று. எழுதியவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னர் வருபவருக்கு அக்குறிப்பே வழிகாட்டியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்துக்கு ஒருமுறை முக்கியமான கோப்பு ஒன்றைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதியை இருப்பதாகக் கணக்கிடுவது தகாது.

எதனைச் சேர்ப்பது என்பதில் நாம் காட்டும் அக்கறையை எதனை விடுவது என்பதிலும் காட்டுதல் வேண்டும். பதிவேடு ஒன்று இல்லாமற்போனால் பாதிக்கப்படுபவர் விதியை எழுதியவர் அல்லர். தனது பெயர் அதில் இருக்கும் என நம்பி ஒருநாள் அலுவலக வாயிலுக்கு வரும் சாதாரண மனிதரே அவர். ஆவணங்களை இழந்து அலைந்ததன் வேதனையை அறிந்த சமூகங்கள், அதே இழப்பைத் தம் கையாலேயே ஒரு வரிக் கட்டளையால் வரவழைத்துக்கொள்ள இடமளித்தலாகாது.