சாலைக் காரும் பந்தயத் தடமும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். 1843-ஆம் ஆண்டு முதல் ஃபேரர் பார்க் திடலில் நடைபெற்ற குதிரைப் பந்தயத்தை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. அத்திடல் 1933-இல் புக்கித் தீமாவுக்கும், பின்னர் கிராஞ்சிக்கும் இடம் மாறியது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் முடிந்து, நிலமும் அரசின் வேறு தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டது. சிறிய தீவில் பந்தயத்துக்கென்று நிலம் நிலைப்பது அரிது.

மோட்டார் கார்ப் பந்தயத்தின் கதையும் இத்தகையதே. 1961-இல் அப்பர் தாம்சன் சாலையைப் போக்குவரத்துக்கு மூடி, ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றில் முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடத்தப்பட்டது. ஆஸ்டன் மார்ட்டின் காரில் இயன் பார்ன்வெல் என்பவர் அதில் வென்றார். வளைவும் மேடும் மலிந்த அச்சாலையில் உயிர்கள் பலியாயின. சாலையை மூடுவதால் பொதுமக்களுக்கு இடையூறும் நேர்ந்தது. 1973-ஆம் ஆண்டுப் பந்தயத்தோடு அது முடிவுற்றது. 2008-இல் தொடங்கிய மரினா பே இரவுப் பந்தயம், அதற்கெனக் கட்டப்பட்ட கார்களுக்கும் தேர்ந்த ஓட்டுநர்களுக்கும் உரியது. சாங்கியில் நிரந்தரத் தடம் அமைக்க வகுத்த திட்டமும் கைகூடவில்லை.

ஆகவே, விரைவுக் கார் வைத்திருக்கும் சிங்கப்பூரர் அதன் முழு ஆற்றலையும் முறைப்படி அறிய விரும்பினால், உட்லண்ட்ஸ் பாலத்தையோ துவாஸ் பாலத்தையோ கடந்து, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே உள்ள சிப்பாங்குக்குச் செல்வதே வழக்கம். 1999-இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், அதில் வளைவுகள் 15. பந்தயம் இல்லாத நாள்களில், கட்டணம் பெற்றுக்கொண்டு சொந்தக் கார்களை ஓட்ட விடுவதுண்டு. இதனை டிராக் டே என்பர். அது போட்டியன்று. வெற்றி தோல்வி இல்லை. முந்திச் செல்லும் இடமும் முறையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும்.

ஒரே கார், இரு கடமைகள்

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அது பத்தாண்டுகளுக்கே செல்லும், விலையும் மிகுதி. தடத்துக்கென்று இரண்டாவது கார் வைத்துக்கொள்வது செல்வர் சிலருக்கே இயலும். வேலைக்குச் செல்லும் அதே காரே எல்லை கடந்து, தடத்தில் ஓடி, அன்று மாலையே வீடு திரும்பவும் வேண்டும். எனவே தடத்துக்குக் காரைச் சீரமைத்தல் என்பது, பெறும் நன்மை ஒவ்வொன்றுக்கும் சாலையில் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கணக்கிடும் கலையாகும்.

இதில் புதியவர் செய்யும் பிழை, முதலில் எஞ்சினின் வலிமையைக் கூட்ட முயல்வது. இன்றைய விரைவுக் கார்கள் பலவற்றுக்கு வேகம் போதிய அளவில் உண்டு. தடத்தில் முதலில் தளர்ச்சி காண்பது, அந்த வேகத்தை அடக்கும் உறுப்பே.

வேகம் வெப்பமாதல்

ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 1,200 கிலோ எடையுள்ள கார், நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்குக் குறைகிறது என்று கொள்வோம். அப்போது அது இழக்கும் ஆற்றல், அறை வெப்பத்திலுள்ள ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதன் பெரும்பகுதி சில விநாடிகளில் பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. முன்சக்கரங்களே அதில் கூடுதலான பங்கைத் தாங்குகின்றன. ஒரு சுற்றில் இத்தகைய தடுப்பு பல முறை நிகழும். நகரச் சாலையில் இந்நிலை ஒருநாளும் வருவதில்லை. ஆதலால், சாலையில் குறையின்றி நின்ற கார், தடத்தில் நான்காம் சுற்றிலோ ஐந்தாம் சுற்றிலோ நிற்கத் தயங்கக்கூடும்.

அத்தயக்கம் இரு வகைப்படும். ஒன்று, பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழப்பது. மிதியைக் கடினமாக மிதித்தாலும் கார் நிற்காது. மற்றொன்று, பிரேக் எண்ணெய் கொதிப்பது. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். எண்ணெயில் ஆவிக் குமிழ் தோன்றினால் கால் மிதி தரையைத் தொடும். தட்டில் அழுத்தமே விழாது.

வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 பாகையாகத் தாழ்கிறது. ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூரில் ஈராண்டு மாற்றாமல் விட்ட எண்ணெயோடு தடத்துக்குச் செல்வது தீங்கை விலைக்கு வாங்குவதாகும். புது எண்ணெய் ஊற்றுவதே மிகக் குறைந்த செலவில் மிகுந்த காப்புத் தரும் சீரமைப்பு. இதற்குச் சாலையில் கொடுக்கும் விலை ஏதும் இல்லை.

பேட்டின் நிலை வேறு. பந்தயத்துக்கென்றே ஆன பேட் சூடேறிய பின்னரே நன்கு பிடிக்கும். காலையில் குளிர்ந்த நிலையில், பள்ளியருகே பிள்ளையொன்று குறுக்கே ஓடினால், அது சாதாரணப் பேட்டைவிடத் தாமதமாகப் பிடிக்கக்கூடும். இரு நிலைக்கும் ஓரளவு பொருந்தும் இடைவகையைத் தேர்வதோ, தடத்தில் மாற்றிக்கொண்டு திரும்பும்முன் பழையதைப் பூட்டுவதோ அறிவுடைமை.

டயரும் சக்கரக் கோணமும்

காருக்கும் தரைக்கும் உள்ள உறவு, உள்ளங்கையளவான நான்கு இடங்களில் அடங்கியது. 30 பாகை வெப்பத்தில் 30 பவுண்டு காற்றடைத்த டயர், 80 பாகைக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 37 பவுண்டாகும். மிகையழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். ஆதலால் தடத்தில் சில சுற்று ஓடிய பின் சூட்டோடு அளந்து காற்றைக் குறைப்பர். அக்காற்றை மீண்டும் நிரப்ப மறந்து நெடுஞ்சாலையில் இறங்கினால், குளிர்ந்த டயர் குறையழுத்தத்தில் நீண்ட தூரம் மடிந்து மடிந்து ஓடி, உள்ளே சூடேறி வெடிக்கும் அபாயமுண்டு.

வளைவில் கார் வெளிப்புறம் சாய்வதால் டயரின் வெளி விளிம்பு விரைந்து தேயும். சக்கரத்தின் மேற்பகுதி சற்றே உட்புறம் சாயுமாறு கோணம் வைத்தால் இது குறையும். கேம்பர் என்பது இக்கோணமே. அளவுக்கு மீறிச் சாய்த்தால், நேராக ஓடும் 600 கிலோமீட்டர்ப் பயணத்தில் உள் விளிம்பு தேயும். ஸ்பிரிங்கும் இவ்வாறே. அதனை விறைப்பாக்கினால் சமமான தடத்தில் கார் நிலையாக நிற்கும். மேடு பள்ளமான சாலையிலோ சக்கரம் தரையை விட்டெழும். தரையைத் தொடாத சக்கரம் திரும்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது.

எடையைக் குறைத்தல் எல்லாவற்றுக்கும் நன்மை செய்யும். பின்பெட்டியிலுள்ள பொருள்களை இறக்கி வைத்தலே அதன் முதற்படி. ஆயினும் சிங்கப்பூர்க் கார் எல்லை கடக்கும்போது எரிபொருள் கலம் முக்கால் பங்கேனும் நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சுமையை எவரும் தவிர்க்க இயலாது.

சட்டமும் காப்பீடும்

எஞ்சின், புகைக்குழாய் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை. சில மாற்றங்கள் அறவே கூடா. மூன்றாண்டு நிரம்பிய கார் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டு கடந்தது ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். வழக்கமான காப்பீடு பெரும்பாலும் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. இவற்றை முன்னரே படித்தறியாதவர், காரைச் சீரமைத்தும் தம்மைச் சீரமைக்காதவர் ஆவர்.

திரும்பும் வழி

2021 பிப்ரவரியில் தஞ்சோங் பகார் சாலையில் மிகுவேகமாகச் சென்ற கார் ஒன்று கடைவீட்டில் மோதித் தீப்பற்றியதில் ஐவர் மாண்டனர். பொதுச்சாலையில் சுவர் அருகில் இருக்கும். மனிதர் அருகில் இருப்பர். தடத்திலோ ஓடுபாதைக்கு வெளியே அகன்ற வெற்றிடமும், கொடி காட்டும் காவலரும், மருத்துவ வண்டியும் உண்டு. வேகம் விரும்புவோர் தடத்தை நாடுவது இக்காரணத்தால் வரவேற்கத் தக்கது.

எனினும் தடம் தரும் பயிற்சி ஓர் ஆபத்தையும் உடன் தருகிறது. நாள் முழுதும் 200 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு, நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பு நத்தை நடையாகத் தோன்றும். கையும் தோளும் களைத்திருக்கும். டயரின் வரிப்பள்ளம் தேய்ந்திருக்கும். அந்தி மழை பிடித்துக்கொண்டால், ஆழம் குறைந்த வரிப்பள்ளம் நீரை ஒதுக்க மாட்டாமல் டயர் நீர்மேல் மிதக்கும். சட்டம் ஒப்பும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டரே, மழைக்கு அது போதுமென்று கொள்ளலாகாது.

ஆகவே தடத்துக்குக் காரைச் சீரமைக்கும் வரிசை இதுவாகும்: முதலில் பழுது நீக்கல், அடுத்துப் பிரேக், பின்னர் டயர், அதன்பின் சக்கரக் கோணமும் ஸ்பிரிங்கும், கடைசியாகவே எஞ்சின். புறப்படும்முன் செய்த சோதனையைத் திரும்பும்முன் மீண்டும் செய்தல் வேண்டும். டயரில் காற்று நிரப்பி, பேட்டின் கனம் பார்த்து, சக்கர மறைகளை முடுக்கி, ஒரு மணி நேரமேனும் இளைப்பாறிய பின் சாலையில் இறங்குபவரே தம் காரைத் தடத்துக்கு முழுமையாகச் சீரமைத்தவர்.