டெலிபோனில் வந்த கொலை!

இரவு நேரம். நியூயார்க்கில் படுத்த படுக்கையான சீமாட்டி ஒருத்தி கணவனைத் தேடி டெலிபோன் செய்கிறாள். இணைப்புக் குழம்பி, யாரோ இருவர் பேசுவது காதில் விழுகிறது. 11.15-க்கு ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறார்களாம்! பாலத்தில் ரயில் ஓடும் இரைச்சலில் அலறல் அமுங்கிவிடுமாம். ஆபரேட்டர், போலீஸ், ஒருவரும் சட்டை செய்யவில்லை. சாகப் போவது தானே என்று புரியும்போது காலம் கடந்துவிட்டது!

சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்' வரிசையில் 1943 மே 25-ல் ஒலித்த நாடகம் இது. எழுதியவர் லூசில் பிளெட்சர். அவளைப் போலவே நேயர்களுக்கும் காதுதான் கதி, அதுதான் பீதி! ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல் நடுங்க நடுங்க, கேட்டவர்களும் நடுங்கினர்.

நேரடி ஒலிபரப்பல்லவா? முடிவில் ஒரு நடிகர் வசனத்தைத் தவறவிட, நேயர்கள் குழம்பிப் போனார்கள். நாடகத்தை மறுபடி நடிக்க வேண்டியதாயிற்று.